பாட்டிலைக் கழுவாதே, கவிதா

அன்புள்ள கவிதா,

உன் கடிதம் வந்தது. முக்கால்வாசி புலம்பல். பெங்களூருக்குப் போய் பொம்மனஹள்ளியில் வேலையில் சேர்ந்த சூடு ஆறவில்லை, அதற்குள் "பெரியப்பா, இந்த வேலையால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டாய். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்து சந்தாக அலைகிறாயாம், தண்ணீர் பிடித்து லேபில் கொடுக்கிறாயாம், அறிக்கை வருகிறதாம், ஆனால் ஏரி நாறிக்கொண்டேதான் இருக்கிறதாம். ஆகவே வேலை வீண். எம்.எஸ்ஸி. படித்த பெண்ணின் தர்க்கம் இவ்வளவுதானா?

நீ ஊரை விட்டு வேற்றூருக்கு வேலைக்குப் போயிருப்பதாக நினைக்கிறாய். தண்ணீர் அப்படி நினைக்கவில்லை. ஹுளிமாவு ஏரி நிரம்பினால் மடிவாளா ஏரிக்கு வரும். மடிவாளாவிலிருந்து அகரா, அங்கிருந்து பெல்லந்தூர், அப்புறம் வர்த்தூர். வர்த்தூரைத் தாண்டியதும் தட்சிண பினாகினியில் விழுகிறது. தமிழ்நாட்டு எல்லையைக் கடந்தால் அதன் பெயர் தென்பெண்ணை. அடுத்த நிறுத்தம் ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணை. உன் அப்பா எந்தக் கால்வாய்த் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிறார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதகைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளை நுரை பொங்கிக்கொண்டு போகிறதென்று டி.வி.யில் காட்டுகிறார்களே, அதில் ஒரு பங்கு உன் பொம்மனஹள்ளி வாஷிங் மெஷின்களின் சோப்பு. கழிவுநீரோடு வந்த சோப்பும் அழுக்கும் உயரத்திலிருந்து விழும் இடத்தில் காற்றோடு கலந்து நுரைக்கிறது. நீ மேட்டில் நின்று பாட்டில் பிடிக்கிறாய், உன் அப்பா பள்ளத்தில் நின்று நுரையைத் தள்ளுகிறார். பிரயோஜனம் யாருக்கு என்ற கேள்வியை அவரிடம் கேட்டுப் பார்.

அடுத்து, "இது யார் வேலை என்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அது உண்மைதான், எனக்கும் சிரிப்புத்தான் வருகிறது. காவிரித் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வடிகால் வாரியம், அதாவது அந்த ஊர்க்காரர்கள் சொல்கிற ஜலமண்டளி. மழைநீர் ஓடும் ராஜகாலுவே மாநகராட்சி. தொழிற்சாலைக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பொம்மனஹள்ளி 2007 வரை தனி நகராட்சி. பிறகு பெருநகர மாநகராட்சியில் சேர்த்தார்கள். 2025இல் அந்த மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். சாக்கடை ராஜகாலுவேயில் விழுந்தால் விட்டது ஒருவர், வாங்கிக்கொண்டது இன்னொருவர், நோட்டீஸ் விடுவது மூன்றாமவர். இந்த மூவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவதைப் பார்த்து நீ சலித்துப் போகாதே. மூவர் மேசைக்கும் போகிற ஒரே பொருள் உன் மாதிரியின் அறிக்கைதான். அது நொண்டியாக இருந்தால் மூவருக்கும் கொண்டாட்டம்.

அதனால் இப்போது உன்னைத் திட்டப் போகிறேன். கடிதத்தின் நடுவில் பெருமையாக ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "எல்லா பாட்டிலையும் குழாய்த் தண்ணீரில் மூன்று முறை நன்றாக அலசிவிட்டுத்தான் பிடிப்பேன்." அடி பெண்ணே! இரசாயனச் சோதனைக்கான பாட்டிலை அலசு, வேண்டாமென்று சொல்லவில்லை. கிருமிச் சோதனைக்கான பாட்டிலை எதற்கு அலசினாய்? லேபில் கிருமி நீக்கி, உள்ளே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டு மூடித் தருகிறார்களே, அது பாட்டிலில் ஒட்டிக்கொண்ட அழுக்கா? குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. பாட்டிலுக்குள் போன பிறகும் அது கிருமியைக் கொன்றுகொண்டேதான் இருக்கும். நீ சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டு லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே எல்லாம் செத்துவிடும். அறிக்கையில் சுத்தம் என்று வரும். குழாயடியில் குடம் வைத்திருந்தவள் குடித்ததோ கிருமியோடு. தயோசல்பேட் குளோரினை அந்த இடத்திலேயே நிறுத்தி, குழாயில் இருந்தது இருந்தபடி லேபுக்குக் கொண்டு போகிறது. நீ அதைக் கழுவிச் சாக்கடையில் ஊற்றிவிட்டாய்.

ஆகவே கிருமி பாட்டிலைத் திற, வாயைத் தொடாதே, மூடியைக் கீழே வைக்காதே, குலுக்க இடம் இருக்கட்டும் என்று ஒரு விரற்கடை காலி விட்டு மூடு. பெட்டியில் ஐஸ் இருக்கவேண்டும், ஐஸ் இருந்த ஞாபகம் மட்டும் போதாது. குளோரினை மட்டும் லேபுக்குக் கொண்டு போகாதே, அங்கேயே நின்று பார். இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்கவேண்டும் என்கிறது. ஈ.கோலை கிருமியோ 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது.

"குழாயை ரெண்டு மூணு நிமிஷம் திறந்து விட்டுப் பிடிக்கணும்னு புத்தகத்தில் போட்டிருக்கே" என்பாய். ஆமாம், குழாய்க்குப் பின்னால் இருக்கும் நிஜத் தண்ணீர் வரவேண்டும் என்பதற்காக. ஆனால் பொம்மனஹள்ளியில் தண்ணீர் நாள் முழுக்க ஓடுவதில்லை. முறை வைத்து விடுகிற தெருக்களில் குழாய் காலியாகக் கிடக்கும் நேரத்தில் பக்கத்துச் சாக்கடை நீரை விரிசல் வழியே உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் விட்டவுடன் முதல் இரண்டு குடம் கலங்கலாக, வாடையோடு வருகிறது என்று அந்தத் தெருப் பெண்கள் சொல்வார்கள். நீ மூன்று நிமிடம் திறந்து விட்டால் குற்றவாளி ஓடிவிடுவான். புகார் வந்த தெருவாக இருந்தால் இரண்டு மாதிரி எடு: முதல் தண்ணீர் ஒன்று, ஓடவிட்ட தண்ணீர் ஒன்று. இரண்டின் நேரத்தையும் எழுது. மீட்டருக்கு முன்னால் ஒன்று, வீட்டுச் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், இன்னொன்று எடுக்கவும் மறக்காதே. பாதிப் புகார்களில் வாரியத்தின் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும், கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில் வெட்டி, வருடக்கணக்கில் கழுவாத சம்ப்தான் நாறும். வீட்டுக்காரர் கோபிப்பார். கோபிக்கட்டும்.

உன் கடிதத்தில் ஆறேழு இடத்தில் டி.டி.எஸ்., டி.டி.எஸ். என்று ஜபம் செய்திருக்கிறாய். அந்தப் பேனா வடிவ மீட்டரை யார் உனக்கு வாங்கிக் கொடுத்தார்கள்? தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எவ்வளவு என்று அது சொல்லும், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாது. 500க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது தர நிர்ணயம். ஆனால் 120 டி.டி.எஸ். காட்டும் தண்ணீரில் காலரா கிருமி நீந்தலாம், மீட்டருக்குத் தெரியாது. டேங்கர்க்காரர் அந்தப் பேனாவை நீட்டிக் காட்டினால் தலையாட்டிவிட்டு, எந்த போர்வெல், அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேள். 2024 மார்ச்சில், நகர எல்லைக்குள் அரசின் 14,000 சொச்சம் போர்வெல்களில் ஏறக்குறைய 6,900 வற்றிப் போனபோது, 12,000 லிட்டர் லாரிக்கு 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்டியது. அந்த விலை ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். லாரியின் வயிற்றுக்குள் இருப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டவரைத்தான் காணோம்.

நைட்ரேட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீ. பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் வீட்டுக்கு வீடு குழி தோண்டிக் கழிவை இறக்கிய பகுதியில் போர்வெல் தண்ணீரை முதலில் சந்தேகிக்க வேண்டியது நைட்ரேட்டுக்காகத்தான். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நிறமில்லை, வாடையில்லை. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. "கொதிக்க வச்சுத்தான் குடுக்கிறோம்" என்று தாய்மார் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகும், நைட்ரேட் ஆவியாகாது, இன்னும் அடர்த்தியாகும். இதை நீதான் அவர்களுக்குச் சொல்லவேண்டும், பயமுறுத்தாமல். கன்னடத்தில் சொல்லத் தெரியாவிட்டால் கற்றுக்கொள். பொம்மனஹள்ளியின் கார்மென்ட்ஸ் தெருக்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும் என்ற சோம்பேறித்தனம் வேண்டாம், மீதிப் பாதியும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது.

ஏரிக்கு வருவோம். மதியம் மூன்று மணிக்கு மடிவாளா ஏரியில் ஆக்சிஜன் அளந்துவிட்டு, "எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். பச்சைப் பாசி படர்ந்த ஏரி பட்டப்பகலில் அப்படித்தான் உன்னை ஏமாற்றும். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியே விடும், இராத்திரி முழுக்க அதே பாசி ஆக்சிஜனைத் தின்னும். விடிவதற்குச் சற்று முன்னால்தான் ஏரி மூச்சுத் திணறும். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ஏ முதல் ஈ வரை தரம் பிரித்திருக்கிறது. மீன் வளர, பறவை பிழைக்க டி வகுப்பாவது வேண்டும், அதற்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஆக்சிஜன். அந்த 4 மதியம் இருந்து என்ன, விடிகாலையில் இருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்காக ஒரு நாள் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டாயா?

இடத்தையும் ஒழுங்காகக் குறி. "ஏரி, மடிவாளா" என்றா படிவத்தில் எழுதுவது? மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவரில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைத் தானம் கொடுத்தவர்கள், கீழே என்று இடம் குறித்து எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லில் உளியால் வெட்டினவனுக்கு இருந்த பொறுமை, பால்பாயின்ட் பேனா வைத்திருக்கும் உனக்கு இல்லை. நீர் நுழையும் வாயா, வெளியேறும் மதகா, கரையிலிருந்து எவ்வளவு தூரம், முந்தின நாள் மழை பெய்ததா, எல்லாம் எழுது.

இனித் தொழிற்சாலை. இங்கேதான் நீ மிகவும் ஏமாறுவாய், ஏனென்றால் நீ மரியாதையான பெண். அதிகாரியோடு நீ போய் இறங்கியதும் மேனேஜர் வாசலுக்கே வருவார். உட்காருங்கள், காபி வரும், பிஸ்கட் வரும், ஃபைல் வரும். நீ காபியை ஊதி ஊதிக் குடித்து முடிப்பதற்குள் பின்பக்கம் ஒருவன் நல்ல தண்ணீர்க் குழாயை வெளியேற்றும் தொட்டியில் திறந்து விட்டிருப்பான். முதலில் அவுட்லெட்டுக்குப் போ, காபி பிறகு. ஆறினாலும் பரவாயில்லை.

அபார்ட்மென்ட் எஸ்.டி.பி.யாக, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமாக, இருந்தால் வேறு வித்தை. காற்று ஊதும் ப்ளோயர் ஓடினால் கரண்டு பில் ஏறும் என்று இராத்திரியும் பகலும் அணைத்து வைத்திருப்பார்கள். நீங்கள் கேட் தாண்டும் சத்தம் கேட்டதும் அது உறுமத் தொடங்கும். உள்ளே நுண்ணுயிர்கள் செத்துப் பல நாளாகியிருக்கும். ஒரு லிட்டர் ஜாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வை. வேலை செய்கிற தொட்டியென்றால் பழுப்பு நிறச் சேறு கீழே படிந்து, மேலே தெளிந்து நிற்கும். கறுப்பாக, அழுகின முட்டை வாடையோடு இருந்தால் பேச்சே வேண்டாம். தனி மின்மீட்டர் இருந்தால் போன மாத ரீடிங்கையும் இந்த மாத ரீடிங்கையும் குறித்துக்கொள். ஓடாத மோட்டார் யூனிட் ஏற்றாது. செக்யூரிட்டியிடம் பேச்சுக் கொடு, எந்த வாடை எந்த நேரத்தில் வருகிறதென்று அவருக்குத் தெரியும்.

இப்போது நீ வெறுக்கும் காகிதங்கள். "ஒரு பாட்டிலுக்கு இத்தனை கையெழுத்தா? மெழுகு, நூல், சீல் என்று என்ன கூத்து?" 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவை எடுத்துப் படி. தொழிற்கழிவு மாதிரியைப் பரிசோதனைக்கு எடுக்கப் போகிறோம் என்று அங்கேயே, அப்போதே நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அவர்கள் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்கவேண்டும். இரண்டையும் குறியிட்டு, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போடவேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அந்த அறிக்கை நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது, சட்டமே அப்படிச் சொல்கிறது. கையெழுத்து உன் அதிகாரியுடையது, சரி. ஆனால் மெழுகு சூடாக இருந்ததா, லேபிளில் நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கும் கண் உன்னுடையது. பி.ஓ.டி., அதாவது கழிவு எவ்வளவு ஆக்சிஜனைத் தின்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு இந்தியாவில் 27 டிகிரியில் மூன்று நாள். இந்த மூன்று நாளும் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கும், வக்கீல் யோசித்துக்கொண்டிருப்பார். அவர் யோசிக்கப் போவது தண்ணீரின் தரத்தைப் பற்றி இல்லை, உன் சீலைப் பற்றித்தான். ஜமுக்காளத்தில் ஒரு நூல் அகப்பட்டால் போதும், உருவி உருவி முழுவதையும் பிரித்துவிடுவார்.

"பிடித்தாலும் ஒன்றும் ஆவதில்லையே" என்ற உன் கடைசி ஆட்சேபத்துக்கு வருகிறேன். திருப்பூரைத் தெரியாதவள் போலப் பேசாதே. நொய்யல் ஆற்றில் 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று கட்டியது. அது திருப்பூரின் சாயத் தண்ணீர்த் தொட்டியாகி, கீழே இருந்த விவசாயிகளே இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று வழக்குக்குப் போனார்கள். வருடக்கணக்கில் இழுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. வேலை போன தொழிலாளிகளின் கஷ்டம் பெரியது, அதை நான் சின்னதாகப் பேசமாட்டேன். ஆனால் அந்த உத்தரவு கோபத்தால் வந்ததில்லை. ஆற்றில் உப்பு எவ்வளவு, கிணற்றில் எவ்வளவு என்று வருடம் வருடமாக யாரோ பாட்டில் பிடித்து எழுதி வைத்திருந்தார்கள்.

உன் பக்கத்திலேயே பெல்லந்தூர் இருக்கிறது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரி தீப்பிடித்து எரிந்தது, அணைக்க ராணுவ வீரர்கள் வரவேண்டியதாயிற்று. 2018 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடியும் மாநகராட்சிக்கு 25 கோடியும் விதித்தது. ஏரி அதனால் பளிங்காகிவிடவில்லை, நீ சொல்வது அந்த அளவில் சரி. அபராதத்தால் சாக்கடைக் குழாய் தானாக நீளாது. ஆனாலும் அரசாங்கத்தையே கூண்டில் ஏற்ற முடிந்தது என்பதை நீ சுலபமாகத் தாண்டிப் போகிறாய். மாதிரியே இல்லாமல் இருந்திருந்தால் "அது பாசி எரிந்தது" என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

நீ ஏரியைச் சுத்தம் செய்யப் போனவள் இல்லை, கவிதா. ஏரி அழுக்காக இருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாதபடி எழுதி வைக்கப் போனவள். இது சின்ன வேலை என்று தோன்றினால் இப்போதே ராஜினாமா எழுது, ஐ.டி. கம்பெனியில் டேட்டா பார்க்கும் வேலை நிறைய இருக்கிறது. தோன்றவில்லை என்றால் அடுத்த வாரமே ஆபீசில் கேள்: விடிகாலை மாதிரிக்கு வண்டி வேண்டும் என்று, வாயால் கேட்காதே, எழுத்தில் கேள். தனியாகப் போகாதே, கூட ஒருவரை அனுப்பச் சொல்.

கையுறையைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவதாக உன் அம்மா போனில் சொன்னாள். போட்டுக்கொள். டைபாய்டு ஊசி, டெட்டனஸ் ஊசி இரண்டும் போட்டாயா என்று நான் கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. இந்தச் சனிக்கிழமை போய்ப் போட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா